ஸ்ரீநகரில் வேலை, குல்மார்க்கில் பனிச்சறுக்கு: வெள்ளியும் சனியும் போதுமா?

பாளை_கருவியாளர்

வணக்கம். மருத்துவமனைகளில் ஸ்கேன் கருவி பொருத்தித் தரும் வேலையில் இருக்கிறேன். பிப்ரவரி நடுவில் ஸ்ரீநகரில் ஒரு மருத்துவமனைக்கு என்னை அனுப்புகிறார்கள். திங்கள் காலை தொடங்கி வியாழன் மாலைக்குள் கருவியைப் பொருத்தி, இயக்கிக் காட்டி, கையெழுத்து வாங்கிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை திரும்ப நிறுவனம் டிக்கெட் போடும். அதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள், கட்டண வித்தியாசத்தை நீயே கட்டு என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

குளிர்கால ஒலிம்பிக்கைத் தொலைக்காட்சியில் பார்த்த பள்ளி நாளிலிருந்தே பனிச்சறுக்கு கற்க வேண்டும் என்ற ஆசை. இதுவரை பனியை நேரில் பார்த்ததுகூட இல்லை. வேலைக்கு முந்தைய சனி, ஞாயிறில் குல்மார்க் போவதா, வேலை முடிந்த பிறகு போவதா? அங்கே எத்தனை இரவு தங்க வேண்டும்? திருநெல்வேலியிலேயே எதை வாங்கிக்கொண்டு போக வேண்டும்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தென்காசி_சாரல்

தாராளமாகப் போகலாம் தம்பி. ஸ்ரீநகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான். வழியிலுள்ள தங்மார்க் வரை சாதாரண வண்டி போகும். அதற்கு மேல் மலைப்பாதை. பனி கொட்டியிருந்தால் டயரில் சங்கிலி கட்டிய வண்டியோ, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியோதான் மேலே போகலாம். நாங்கள் குடும்பத்தோடு போனபோது தங்மார்க்கில் வண்டி மாற்றினோம். ஸ்ரீநகரில் வண்டி பேசும்போதே "குல்மார்க் வரையா, தங்மார்க் வரையா" என்று கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

கொண்டோலா என்ற கேபிள் காருக்கு இணையத்தில் முன்கூட்டியே டிக்கெட் எடுக்க வேண்டும். சீசனில் சீக்கிரமே தீர்ந்துவிடும். அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். முதல் கட்டம் குல்மார்க்கிலிருந்து கோங்டூரி வரை. இரண்டாம் கட்டம் அபர்வத் மலை உச்சிக்குப் பக்கம் வரை போகும், கிட்டத்தட்ட 3,950 மீட்டர். குற்றாலத்தில் பேரருவி பொங்கினால் குளிக்க விடாமல் தடுப்பார்களே, அதுபோல மேலே காற்று பலத்தால் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். அந்த ஒன்றையே நம்பித் திட்டம் போடாதீர்கள்.

சேரன்மகாதேவி_அக்கா

தம்பி மனம் வருந்தக் கூடாது, என் கருத்தைச் சொல்கிறேன். இரண்டே நாளில் எதைக் கற்க முடியும்? ஒரு நாள் விழுவதிலும் எழுவதிலும் போய்விடும். ஸ்ரீநகர் போகிறவர்கள் தால் ஏரியையும் நிஷாத், ஷாலிமார் தோட்டங்களையும் ஜாமியா மசூதியின் தேவதாரு மரத் தூண்களையும் நிதானமாகப் பார்க்கலாமே. உண்மையாகவே கற்கும் ஆசை இருந்தால், குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே முறையான வகுப்பில் சேரலாம். அரைகுறையாகத் தொட்டுவிட்டு வருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்னொன்று, 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு வீட்டில் அம்மா என்ன சொல்கிறார்கள்? அவர்கள் நிம்மதியையும் கொஞ்சம் பாருங்கள்.

மேலப்பாளையம்_மியூனிக்

அக்கா சொல்வதில் இரண்டு நாள் போதாது என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. நான் மியூனிக்கில் வேலை செய்கிறேன். இந்தியாவிலிருந்து அலுவலக வேலையாக வருபவர்களை வார இறுதியில் கார்மிஷ்-பார்டன்கிர்ஷன் கூட்டிப்போவது எங்கள் வழக்கம். ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1936 குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர் அது. பனியையே பார்க்காதவர்கள் முதல் நாள் மாலைக்குள் சறுக்குப் பலகைகளை முக்கோணமாக வைத்து வேகத்தை அடக்கவும், நினைத்த இடத்தில் நிற்கவும் பழகிவிடுகிறார்கள். இரண்டாம் நாள் மெதுவாக இருபக்கமும் திரும்புகிறார்கள். தொடக்கநிலைச் சரிவில் பாதுகாப்பாக இறங்க அது போதும். நல்ல பயிற்றுநர் வேண்டும், அவ்வளவுதான். நண்பர் கற்றுத் தருவார் என்று போகிறவர்கள்தான் பயந்துபோய்த் திரும்புகிறார்கள்.

வாடகைக் கருவியில் எல்லோரும் பலகையைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது பூட்ஸை. அதைப் போட்டு நிமிர்ந்து நிற்கும்போது கால் கட்டைவிரல் முன்பக்கத்தைத் தொட வேண்டும். முழங்காலை முன்னால் மடக்கினால் விரல் விலக வேண்டும். குதிகால் உள்ளே தூக்கவே கூடாது. குளிருக்குப் பயந்து இரண்டு காலுறை போடாதீர்கள். ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் அதிகமாகச் சில்லிடும். உயரமான கம்பளிக் காலுறை ஒன்று போதும். பலகையின் நீளம் உங்கள் மோவாய் அளவுக்கு இருந்தால் தொடக்கத்துக்குச் சரி.

பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கில் ஓர் எண் உண்டு. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், திறமை இத்தனையும் பார்த்துக் கடைக்காரர் அதைத் திருக வேண்டும். எண் கூடிவிட்டால் விழும்போது பலகை கழன்றுகொள்ளாது, முழங்கால் முறுக்கும். உங்கள் எடையைக் கேட்காமலேயே பலகையை நீட்டும் கடை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

முன்பா பின்பா என்ற கேள்விக்கு, முன்பு என்பேன். வேலைக் களைப்பு இல்லாமல் புத்துணர்ச்சியோடு கற்கலாம்.

கடையம்_முன்னாள்_வீரர்

தம்பி, காஷ்மீரில் பணி செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வேலைக்கு முன்பு போகாதே.

மியூனிக் தம்பிக்கு ஒரு விவரம். கார்மிஷில் ரயில் நேரத்துக்கு வரும், அடுத்த ரயிலும் வரும். குல்மார்க்கில் ஓர் இரவு முழுக்கப் பனி கொட்டினால் சாலையைச் சுத்தம் செய்யும்வரை யாரும் இறங்க முடியாது. ஞாயிறு இரவு கொட்டினால் திங்கள் காலை மருத்துவமனையில் கருவி காத்திருக்கும், நீ மலைமேல் காத்திருப்பாய். அங்கே நோயாளிகள் அந்தக் கருவிக்காக எத்தனை நாளாகக் காத்திருக்கிறார்களோ. வேலை முடிந்த பிறகு மாட்டிக்கொண்டால் உன் விடுப்பு ஒரு நாள் கூடும். நஷ்டம் உன்னோடு போகும்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் திருநெல்வேலி கடல் மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டர்கூட உயரமில்லை. ஸ்ரீநகர் 1,585 மீட்டர், குல்மார்க் 2,650 மீட்டர். நான்கு நாள் ஸ்ரீநகரில் வேலை செய்துவிட்டு மேலே ஏறினால் உடம்பு ஓரளவு பழகியிருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானதைக் கேள். சனி இரவும் குல்மார்க்கில் தங்கி ஞாயிறு காலை நேராக விமான நிலையம் போகலாம் என்று பலர் கணக்குப் போடுவார்கள். அப்படிச் செய்யாதே. சனிக்கிழமை மூன்று மணிக்குச் சறுக்கலை நிறுத்திவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே இறங்கி, இரவு ஸ்ரீநகரில் படு. ஸ்ரீநகர் விமான நிலையத்தில் கட்டடத்துக்கு வெகு முன்பே வெளி வாயிலில் பெட்டியை இறக்கிச் சோதிப்பார்கள், அதன்பிறகு உள்ளே மறுபடியும் சோதனை. மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். மலைமேலிருந்து அதற்குக் கிளம்புவது ஆபத்தான கணக்கு.

சேரன்மகாதேவி அக்காவின் கவலை நியாயமானது. அந்தத் தாக்குதலுக்குப் பிறகு பல சுற்றுலா இடங்களை மூடி, படிப்படியாகத் திறந்தார்கள். போகும் வாரத்தில் நிலைமை எப்படி என்று மருத்துவமனைக்காரர்களையே கேள். உள்ளூர்க்காரர் சொல்லை மீறி எங்கும் போகாதே. 1948-லேயே நம் ராணுவம் சறுக்குப் பள்ளி தொடங்கிய ஊர் குல்மார்க். அங்கே சறுக்கிக்கொண்டே வளர்ந்த பிள்ளைகள் பயிற்றுநர்களாக இருக்கிறார்கள். விருந்தாளியை அவர்கள் கவனிக்கும் விதத்தைப் பார்த்தால் அம்மாவின் பயம் பாதி குறையும்.

மேலப்பாளையம்_மியூனிக்

அண்ணாச்சி சொன்ன சாலைக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை. வேலைக்குப் பின்பு போவதே சரி.

அம்பை_இயன்முறை

முழங்கால் காயங்களுக்குச் சிகிச்சை அளிப்பவள் என்ற முறையில் நானும் "பின்பு" கட்சிதான். முழங்கால் கொஞ்சம் பிசகினாலும் நான்கு நாள் கனமான கருவியோடு நிற்க முடியாது.

இன்றிலிருந்தே தயாராகத் தொடங்குங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் நிற்கும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். மாடிப்படியில் மெதுவாக இறங்குங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் சறுக்கும்போது தொடைக்கு வரும் வேலையை ஒத்தது. சறுக்கும்போது கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பு பூட்ஸின் முன்பக்கத்தை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பயம் வந்ததும் உடம்பு தானாகப் பின்னால் சாயும். சாய்ந்தால் பலகை கட்டுப்பாட்டில் இருக்காது. விழப்போகிறீர்கள் என்று தெரிந்துவிட்டால் எழுந்து நிற்கப் போராடாமல் பக்கவாட்டில் விழுந்துவிடுங்கள். பாதி விழுந்த நிலையில் எழ முயலும்போதுதான் முழங்காலின் உள் தசைநார் கிழிகிறது. கைக்கோலை இறுக்கிப் பிடித்தபடி கையூன்றி விழுந்தால் கட்டைவிரலின் அடியில் காயம்படும், அதனால் விழும்போது கோலை விட்டுவிடுங்கள். விபத்துகள் பெரும்பாலும் களைத்த கால்களுக்குத்தான் நேர்கின்றன. "இன்னும் ஒரே ஒரு முறை" என்று தோன்றும்போது நிறுத்துங்கள்.

2,500 மீட்டருக்கு மேல் சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். தாகம் தெரியாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். தலைவலியோடு வாந்தியும் சேர்ந்தால் அன்றே கீழே இறங்கிவிட வேண்டும். புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பியடிக்கும். குளிர்கிறதே, வெயில் எங்கே என்று நினைக்காமல் முகத்துக்குச் சன்ஸ்கிரீன் பூசுங்கள். கண்ணாடி இல்லாமல் வெளியே இறங்கவே கூடாது.

வள்ளியூர்_காப்பீடு

இதை யாரும் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டுப் பத்திரங்களில் Excl09 என்று ஆங்கிலத்தில் குறிக்கப்பட்ட பொதுவான விலக்கு ஒன்று உண்டு. சாகச விளையாட்டில் தொழில்முறையாக ஈடுபட்டு ஏற்படும் சிகிச்சைச் செலவைத் தர மாட்டோம் என்பது அது. "தொழில்முறையாக" என்ற சொல் இருப்பதால், பொழுதுபோக்காகச் சறுக்கும் உங்களுக்குப் பொதுவாகத் தடை வராது. ஆனால் தனிநபர் விபத்துக் காப்பீடு வேறு. அதில் பனி விளையாட்டையே மொத்தமாக விலக்கியிருக்கலாம். இரண்டு பத்திரங்களையும் எடுத்துப் படியுங்கள். நிறுவனத்தின் குழுக் காப்பீட்டையும் மனிதவளப் பிரிவிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வியாழனோடு பணி முடிகிறது, வெள்ளியும் சனியும் சொந்த விடுப்பு என்று மேலாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். குல்மார்க் வண்டி, அறை ரசீதுகளை வேலைக் கணக்கோடு கலக்காதீர்கள். நாளைக்கு ஒரு கேள்வி எழுந்தால் தேதி வாரியாகக் காட்ட உதவும்.

சங்கரன்கோவில்_மின்பணி

நானும் கருவி பொருத்தும் தொழிலில் இருப்பவன். அதனால் ஒன்று சொல்கிறேன். வியாழன் மாலை கையெழுத்து என்று திட்டத்தில் இருக்கும். கையெழுத்துப் போட வேண்டிய மருத்துவர் வெள்ளிக்கிழமைதான் வருவார். இல்லையென்றால் மின்சாரம் ஏறி இறங்கி ஒரு சோதனையை மறுபடியும் ஓட்ட வேண்டிவரும். குளிர்காலக் காஷ்மீரில் இதையும் எதிர்பார்த்துத்தான் போக வேண்டும். ஆகவே குல்மார்க் அறையை ரத்து செய்யக்கூடியதாக எடுங்கள். பயிற்றுநருக்கு முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்காதீர்கள். கருவியை அரைகுறையாக விட்டுவிட்டு மலை ஏறினால் சறுக்கும்போதும் போன் வந்துகொண்டே இருக்கும்.

போன் என்றதும் நினைவு வருகிறது. வெளி மாநிலத்து ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வைத்திருக்க வேண்டும். இப்போதே மாற்றிவிடுங்கள், கடைசி வாரத்தில் அலையாதீர்கள். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். போனை உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள்.

பாளை_கருவியாளர்

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் அண்ணாச்சியின் பதிவை வாசித்துக் காட்டினேன். தனியாகப் போகாதே என்று மட்டும் சொன்னார்கள். டெல்லியிலிருந்து வரும் சக பொறியாளர் ஒருவரும் சேர்ந்துகொள்கிறார்.

மூன்று சந்தேகங்கள் மிச்சம் இருக்கின்றன. உடைகளை இங்கேயே வாங்க வேண்டுமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? ஞாயிறு விமானம் ரத்தானால் என்ன செய்வது?

தென்காசி_சாரல்

தடித்த மேலங்கி, கால்சட்டை, கையுறை, பூட்ஸ் எல்லாம் தங்மார்க்கிலும் குல்மார்க்கிலும் வாடகைக்குக் கிடைக்கும். வாங்க வேண்டியது உடம்போடு ஒட்டும் உள்ளாடையை. நம் ஊர்ப் பருத்திப் பனியனைப் போட்டால் வியர்வையில் நனைந்து, நின்றவுடன் முதுகில் ஐஸ் வைத்ததாகிவிடும். கம்பளியோ பாலியெஸ்டரோ ஆன இரண்டு ஜோடி போதும். கையுறையில் நீர் புகாதது ஒன்று சொந்தமாக இருந்தால் நல்லது, வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஈரமாகவே இருக்கும். தேங்காய் எண்ணெய் கொண்டுபோகாதீர்கள், குப்பிக்குள் கல்லாக உறைந்துவிடும். உதட்டுக்கும் முகத்துக்கும் வேறு களிம்பு எடுத்துச் செல்லுங்கள்.

சாப்பாட்டுக் கவலை வேண்டாம். காஷ்மீரிகள் நம்மைப்போலவே சோறு சாப்பிடுகிறவர்கள். ஹாக் கீரையும் தாமரைத் தண்டுக் குழம்பும் சுடுசோற்றோடு கிடைத்தால் விடாதீர்கள்.

கடையம்_முன்னாள்_வீரர்

விமானத்தை விமான நிறுவனமே ரத்து செய்தால் மாற்று விமானம் அல்லது முழுப்பணம் தர வேண்டும், அது விதி. அதற்கும் வழியில்லாமல் இரண்டு மூன்று நாள் பனி மூடினால் இப்போது ரயில் இருக்கிறது. 2025 ஜூனிலிருந்து ஸ்ரீநகருக்கும் ஜம்மு பக்கமுள்ள கட்ராவுக்கும் இடையே வந்தே பாரத் ஓடுகிறது. ஆற்றிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் செனாப் பாலத்தைக் கடந்து சுமார் மூன்று மணி நேரத்தில் கட்ரா போய்விடலாம். நாங்கள் பணி செய்த காலத்தில் பனிஹால் கணவாய் மூடினால் நாள்கணக்கில் காத்துக் கிடப்போம். அந்தப் பாலத்தைப் படத்தில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

கட்ராவிலிருந்து நம் திருநெல்வேலிக்கே நேரடி ரயில் உண்டு. அது தினமும் கிடையாது, ஊர் வந்துசேர ஏறக்குறைய மூன்று நாளாகும். உனக்கு விடுப்பு போதாது. ஜம்முவுக்கு வந்து அங்கிருந்து டெல்லி விமானம் பிடி.

இனி உன் நேரத் திட்டம். வெள்ளி விடியலில் ஸ்ரீநகரிலிருந்து கிளம்பு. பத்து மணிக்குள் குல்மார்க், அறையில் பெட்டி, உடனே பூட்ஸ் கடை. கோடையில் கோல்ஃப் மைதானமாக இருக்கும் தட்டையான சரிவில்தான் தொடக்கக்காரர்கள் பழகுவார்கள். அங்கே ஆளை மேலே இழுத்துப்போகும் சின்ன இழுவைக் கம்பியும் உண்டு. வெள்ளி முழுக்க அதிலேயே இரு. ஸ்லெட்ஜ் இழுப்பவர்களும் வழிகாட்டிகளும் சூழ்ந்துகொள்வார்கள். அவர்களுக்கு வருமானம் தரும் மாதங்கள் இவை. வேண்டாம் என்றால் மரியாதையாகச் சொல். வேண்டுமென்றால் தொகையை முதலிலேயே பேசிவிடு.

சனிக்கிழமை காலை பயிற்றுநர் சரி என்றால் மட்டும் கோங்டூரி. இரண்டாம் கட்டத்துக்கு வேடிக்கை பார்க்க வேண்டுமானால் போ, பலகையைக் கட்டிக்கொண்டு போகாதே. அபர்வத்தின் பின்சரிவுகள் பனிச்சரிவு விழும் இடங்கள். 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் குல்மார்க் சரிவுகளில் பனிச்சரிவில் இறந்தார்கள். அவர்கள் சறுக்கத் தெரியாதவர்கள் அல்லர். கட்டி வைத்த கயிற்றுக்கு அப்பால் ஓர் அடி வைக்காதே தம்பி. இதை அம்மா சார்பில் சொல்கிறேன்.

சேரன்மகாதேவி_அக்கா

அண்ணாச்சியின் திட்டத்தைப் பார்த்த பிறகு என் மறுப்பைத் தளர்த்திக்கொள்கிறேன். இருந்தாலும் பிப்ரவரியில் பனி இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்? 2025 பிப்ரவரியில் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளையே ஒத்திவைத்து மார்ச்சில்தானே நடத்தினார்கள்? அப்போது தோட்டங்களையும் ஏரியையும் பார்ப்பேன் என்று ஒரு மாற்றுத் திட்டம் வைத்திருங்கள்.

பாளை_கருவியாளர்

வைத்திருக்கிறேன் அக்கா. பனி இல்லாவிட்டால் வெள்ளி, சனி இரண்டும் ஸ்ரீநகரில்தான். குல்மார்க் அறையை முந்தைய நாள் வரை ரத்து செய்யலாம். போஸ்ட்பெய்டுக்கு மாற விண்ணப்பித்துவிட்டேன். விபத்துக் காப்பீட்டைப் படித்ததில் வள்ளியூர் அண்ணன் சொன்னபடியே பனி விளையாட்டு விலக்கப்பட்டிருக்கிறது. பனி விளையாட்டையும் சேர்த்துக்கொள்ளும் குறுகிய காலப் பத்திரம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

களக்காடு_ஆசிரியை

இழையில் இடையே வருவதற்கு மன்னிக்கவும். எட்டு வயது மகனை இதே போல் கூட்டிப்போக விருப்பம். அரையாண்டு விடுமுறை சரியா, முழுஆண்டு விடுமுறை சரியா?

கடையம்_முன்னாள்_வீரர்

முழுஆண்டு விடுமுறை வேண்டாம் அம்மா. ஏப்ரல் கடைசியில் கீழ்ச்சரிவுகளில் பனி உருகிவிடும். மிச்சம் இருப்பது உயரத்தில்தான், அது குழந்தைக்கான இடம் அல்ல. டிசம்பர் 21-இல் சில்லய் கலான் என்ற நாற்பது நாள் கடுங்குளிர் தொடங்குகிறது. ஆனால் குளிர் இருப்பதாலேயே பனி விழுந்துவிடாது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து காற்றழுத்தத் தாழ்வுகள் வந்தால்தான் விழும். அரையாண்டு விடுமுறையில் அதற்கு உறுதி இல்லை. பொங்கல் விடுமுறையோடு இரண்டு நாள் சேர்ப்பது அதைவிட நல்லது, ஆனால் 2024 ஜனவரியில் குல்மார்க்கில் புல்தரைதான் தெரிந்தது என்பதையும் மறக்க வேண்டாம். கடைசி வாரத்து வானிலையைப் பார்த்துவிட்டு உறுதி செய்யுங்கள். சிறுவர் அளவுப் பூட்ஸ் எல்லாக் கடையிலும் இருக்காது. மகனின் பாத நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, தங்கும் விடுதிக்காரரிடம் சொல்லி, கடையில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.